கொண்டோ கட்டணத்தை நிறுத்திவைத்தபின் படிவம் 14 வந்தால்

கேள்வியின் சாரம் இது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உங்களுக்கு ஒரு கொண்டோ யூனிட், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில் சொந்த வீடு, இருக்கிறது. மாதக் கட்டணம் 620 டொலர். ஜனவரியில் குளியலறைச் சுவருக்குள் இருந்த குழாய் கசிந்து, கீழ் யூனிட்டின் கூரை நனைந்தது. நிர்வாக சபை 1,900 டொலரை உங்கள் கணக்கில் ஏற்றி, பெப்ரவரி 15க்குள் கட்டச் சொன்னது. பிழை என்னுடையதல்ல என்று எழுதினீர்கள்; பதில் வரவில்லை. அந்தக் கோபத்தில் மார்ச், ஏப்ரல், மே மாதக் கட்டணங்களையும் நிறுத்திவிட்டீர்கள். இப்போது மே 8 திகதியிட்டு, சபையின் சட்டத்தரணியிடமிருந்து படிவம் 14 வந்திருக்கிறது. சார்ஜ்பேக் (சபை உங்கள் கணக்கில் ஏற்றிய அந்தச் செலவு) 1,900, மூன்று மாதக் கட்டணம் 1,860, சட்டச் செலவு 640, ஆக மொத்தம் 4,400 டொலர். கட்டாவிட்டால் யூனிட்டின் மேல் லியன், அதாவது கடனுக்காக வீட்டின் மேல் விழும் சட்டப் பிடி, பதியப்படும் என்கிறது.

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாதக் கட்டணத்தை நிறுத்தியது பிழை. ஒன்ராறியோவின் 1998ஆம் ஆண்டுக் கொண்டோமினியம் சட்டம், 84ஆம் பிரிவில், பொதுச்செலவுக்குப் பங்கு கொடுக்கும் கடமையிலிருந்து ஓர் உரிமையாளர் தப்பமுடியாத நிலைமைகளைத் தனியாகவே எழுதிவைத்திருக்கிறது. நீச்சல்குளத்தையோ உடற்பயிற்சி அறையையோ பாவிக்காமல் விட்டாலும் கட்டவேண்டும். சபைக்கு எதிராக உங்களுக்கு ஒரு கோரிக்கையோ வழக்கோ இருந்தாலும் கட்டவேண்டும். வீட்டுக்காரர் திருத்தவேலை செய்யவில்லை என்று வாடகையை நிறுத்தும் நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. கொண்டோவில் அது செல்லாது. காரணமும் விளங்கிக்கொள்ளக்கூடியதுதான். கொண்டோ நிறுவனத்துக்குப் பெரிதாக வேறு வருமானம் கிடையாது. நீங்கள் கட்டாத 620 டொலர், காப்புறுதிக்கும் மின்தூக்கிக்கும் சேமநிதிக்கும் போகவேண்டிய பணம். அந்தத் துண்டை மற்ற உரிமையாளர்கள்தான் நிரப்புகிறார்கள். ஆகவே உங்கள் மனக்குறை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அதற்கான வழி கட்டணத்தை மறிப்பதல்ல.

இரண்டாவது விஷயம் நேரம். கட்டணம் தவறிய அந்த நாளிலேயே, எந்தக் கடிதமும் இல்லாமல், 85ஆம் பிரிவின்படி யூனிட்டின் மேல் ஒரு லியன் தானாக உருவாகிவிடுகிறது. அது மூன்று மாதம்தான் உயிரோடிருக்கும். அதற்குள் லியன் சான்றிதழைக் காணிப்பதிவில் பதியாவிட்டால் அந்தத் தவணைக்கான லியன் காலாவதியாகும். பதிவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னர் உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும்; அந்த அறிவித்தல்தான் படிவம் 14. ஆகவே மார்ச் 1 கட்டணத்துக்காக ஜூன் 1க்கு முன் பதிவு நடக்கவேண்டும், அறிவித்தல் மே நடுப்பகுதிக்குள் போகவேண்டும். மே 8இல் கடிதம் வந்தது இந்தக் கணக்கால்தான். உங்கள்மேல் தனிப்பட்ட வன்மம் என்று அதை வாசிக்காதீர்கள். பொறுப்புள்ள எந்த சபையும் இந்த நாட்களில் இதையே செய்யும்.

இனிக் கடிதத்தில் உள்ள 4,400ஐ ஒரே தொகையாகப் பார்க்கவேண்டாம். அதற்குள் மூன்று வெவ்வேறு கடன்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் சட்டநிலை வேறு.

1,860 பற்றி வாதமே இல்லை. அதை இந்த 10 நாளுக்குள் கட்டுங்கள். தனிப்பட்ட காசோலை வேண்டாம். வங்கி டிராஃப்ட் அல்லது வங்கி சான்றளித்த காசோலை, கடிதத்தில் யார் பெயருக்கு என்று இருக்கிறதோ அந்தப் பெயருக்கு. சட்டத்தரணியிடம் கோப்பு போனபின் முகாமையாளரின் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால், அது வந்து சேர்ந்த செய்தி சட்டத்தரணிக்குப் போகுமுன் பதிவு நடந்துவிடும். கூடவே ஒரு கடிதம் அவசியம்: ‘இந்த 1,860 டொலர் மார்ச், ஏப்ரல், மே மாதப் பொதுச்செலவுக் கட்டணங்களுக்கு மட்டுமே உரியது, வேறு எந்த நிலுவைக்கும் வரவுவைக்கக்கூடாது’ என்று திகதியோடு எழுதுங்கள். இந்த ஒரு வரியை விட்டுவிட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எதுவும் சொல்லாமல் பணம் அனுப்பினால், முகாமைத்துவ நிறுவனத்தின் கணினி அதை ஆகப் பழைய நிலுவைக்கு, அதாவது உங்கள் சார்ஜ்பேக்குக்கு, வரவுவைத்துவிடும். பிறகு பார்த்தால் நீங்கள் மறுக்கும் தொகை தீர்ந்திருக்கும், மறுக்காத மாதக் கட்டணம் நிலுவையில் நிற்கும், லியனுக்கு வழியும் திறந்திருக்கும். கடன்பட்டவர் பணம் கொடுக்கும்போதே எதற்கென்று சொல்லிக் கொடுப்பதுதான் பொதுவிதி. ஆனாலும் உங்கள் கட்டடத்தின் துணைவிதியில் வேறு ஒழுங்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

1,900தான் உண்மையான சண்டை. ஒரு சபை தான் விரும்பிய செலவையெல்லாம் ஓர் உரிமையாளரின் பொதுச்செலவுக் கணக்கில் ஏற்றமுடியாது. சட்டத்திலோ, கட்டடத்தின் டிக்ளரேஷன் என்ற மூலப்பத்திரத்திலோ, துணைவிதியிலோ அதற்கு அதிகாரம் இருக்கவேண்டும். நீர்க்கசிவில் சபைகள் வழக்கமாகக் காட்டுவது 105ஆம் பிரிவை. அதைச் சொல்லுக்குச் சொல் வாசித்தால், உரிமையாளரோ, அவருடைய வாடகைக்காரரோ, அவருடைய அனுமதியோடு அல்லது அவருக்குத் தெரிந்து யூனிட்டில் வசிப்பவரோ செய்த அல்லது செய்யத் தவறிய காரியத்தால் அந்த உரிமையாளரின் யூனிட்டுக்கே சேதம் வந்தால், திருத்தச் செலவு, கட்டடக் காப்புறுதியின் டிடக்டிபிள் (காப்புறுதி கொடுக்காமல் சபையே ஏற்கவேண்டிய முதல் பங்கு) ஆகிய இரண்டில் குறைந்ததை அவர் கணக்கில் சேர்க்கலாம் என்றே இருக்கிறது. உங்கள் விஷயத்தில் சேதப்பட்டது கீழ் யூனிட். ஆகவே 105 மட்டும் போதாது. உரிமையாளரால் வந்த சேதத்தின் செலவை அவரிடமே அறவிடலாம் என்ற இழப்பீட்டு வாசகம் ஒன்று டிக்ளரேஷனில் இருக்கவேண்டும். பெரும்பாலான கட்டடங்களில் இருக்கும். ஆனால் அந்த வாசகம் கவனக்குறைவைக் கேட்கிறதா, அல்லது வெறும் செயலோ செயலின்மையோ போதும் என்கிறதா என்பதில்தான் உங்கள் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது. சபையிடம் நேரடியாக எழுதிக் கேளுங்கள்: எந்தப் பத்திரத்தின் எந்தப் பிரிவின் கீழ் இந்த 1,900 ஏற்றப்பட்டது? இதற்குத் தெளிவான பதில் தரமுடியாத சபை பலவீனமான இடத்தில் நிற்கிறது.

அடுத்து, குழாய் யாருடையது. டிக்ளரேஷனின் அட்டவணை ‘சி’யில் யூனிட்டின் எல்லைகள் விவரிக்கப்பட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு மட்டும் பயன்படும் குழாய், சுவருக்குள் இருந்தாலும், யூனிட்டைச் சேர்ந்ததென்று சொல்லும் கட்டடங்கள் உண்டு. பல யூனிட்டுகளுக்குப் போகும் குழாய் வழக்கமாகப் பொதுப்பகுதி. கசிந்தது பொதுக்குழாய் என்றால் உங்கள் பக்கம் மிகப் பலமானது. உங்கள் குழாய்தான் என்றாலும், மறைந்திருந்த குழாய் திடீரென வெடித்ததும், பல வாரமாகச் சுவரில் ஈரம் தெரிந்தும் நீங்கள் பேசாமல் இருந்ததும் ஒன்றல்ல. ஆகவே பிளம்பரின் அறிக்கை, விலைப்பட்டியல், அன்றைய படங்கள் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இதற்கு 55ஆம் பிரிவின் கீழ், அரசு விதித்த பதிவேட்டுக் கோரிக்கைப் படிவத்தைப் பாவிக்கவேண்டும். சபை 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். தராவிட்டால் கொண்டோமினியம் அதிகாரசபைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விண்ணப்பத்துக்கு 25 டொலர், மத்தியஸ்தர் உதவியுடனான இரண்டாம் கட்டத்துக்கு 50, தீர்ப்புக் கட்டத்துக்கு 125. ஆனால் அந்தத் தீர்ப்பாயம் பதிவேடுகள், செல்லப்பிராணி, வாகன நிறுத்துமிடம், களஞ்சிய அறை, சத்தம், புகை, நாற்றம் போன்ற தொல்லைகள் பற்றிய வழக்குகளையே எடுக்கும். நீர்க்கசிவு சார்ஜ்பேக்கையும் லியனையும் அது தொடாது. அங்கே போய் லியனை நிறுத்தலாம் என்று நம்பி நாட்களை வீணாக்கவேண்டாம்.

இன்னொரு காரியத்தை இன்றைக்கே செய்யுங்கள்: உங்கள் சொந்த யூனிட் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். பல கொண்டோ உரிமையாளர் காப்புறுதிகளில், கட்டடத்தின் டிடக்டிபிள் உங்கள்மேல் சுமத்தப்பட்டால் அதை ஏற்கும் பகுதியும், கீழ்வீட்டுச் சேதத்துக்கான பொறுப்புக் காப்பும் இருக்கும். சபையோடு மாதக்கணக்காகச் சண்டை பிடித்துவிட்டுக் கடைசியில் காப்புறுதியிடம் போனால், தாமதமாகச் சொன்னீர்கள் என்று அவர்கள் கைவிரிக்க இடம் கிடைக்கும்.

உங்கள் கையில் உள்ள ஆகக் கூர்மையான வாதம் திகதி சம்பந்தப்பட்டது. சார்ஜ்பேக்குக்குக் கொடுத்த கெடு பெப்ரவரி 15. அன்றிலிருந்து மூன்று மாதம் மே 15இல் முடிகிறது. படிவம் 14 மே 8 திகதியிட்டது. 10 நாள் கழிந்துதான் பதியலாம், அதாவது மே 18. அப்போது அந்த 1,900க்கான லியன் ஏற்கனவே காலாவதியாகியிருக்கும். மார்ச், ஏப்ரல், மே கட்டணங்களுக்கு மட்டும் லியன் செல்லும். சபை, தவணை தவறிய நாள் வேறு என்று வாதாடலாம். அதனால் கெடுத் திகதி எழுதிய பெப்ரவரிக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். லியன் போனால் கடன் போய்விடாது என்பதையும் மறக்கவேண்டாம். இரண்டு வருடத்துக்குள் சபை உங்கள்மேல் சாதாரணக் கடன் வழக்குப் போடலாம். வித்தியாசம் என்னவென்றால், வழக்கில் கடனை அவர்கள் நிரூபிக்கவேண்டும். லியனில் வீட்டைக் காப்பாற்ற நீங்கள் ஓடவேண்டும்.

640 டொலர் சட்டச் செலவு. 85ஆம் பிரிவு, வசூலிப்பதற்கான சட்டச் செலவையும் லியனோடு சேர்க்கவிடுகிறது, ஆனால் ‘நியாயமான’ என்ற சொல்லோடு. சாதாரண நீதிமன்ற வழக்கில் வென்றவருக்குச் செலவின் ஒரு பகுதிதான் கிடைக்கும். இங்கே நியாயமான முழுச்செலவும் உங்கள் தலையில் விழும். அதுதான் கொண்டோ நிலுவை பனிப்பந்துபோல உருண்டு பெரிதாகக் காரணம். விவரப் பட்டியல் கேட்பது உங்கள் உரிமை: என்ன வேலை, எந்த நாள், எவ்வளவு. சார்ஜ்பேக் பகுதி லியனுக்குள் வராது என்று உங்கள் சட்டத்தரணி எழுதினால், செலவில் குறைப்புக் கேட்கவும் இடமுண்டு.

அப்படியானால் 1,900ஐக் கட்டுவதா, மறிப்பதா? என் கருத்தைத் திறந்து சொல்கிறேன். இந்த அளவுத் தொகைக்கு, எதிர்ப்பைப் பதிந்துகொண்டு கட்டிவிடுவதே பெரும்பாலும் புத்தி. ‘பொறுப்பை ஏற்றுக்கொள்ளாமல், லியன் பதிவைத் தவிர்ப்பதற்காக மட்டும், எதிர்ப்புடன் செலுத்துகிறேன், திரும்பப் பெறும் என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று எழுதி, கட்டி, பிறகு சிறுகோரிக்கை நீதிமன்றத்தில் திருப்பிக் கேளுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் அங்கே 50,000 டொலர் வரை கேட்கலாம்; சட்டத்தரணி இல்லாமலும் போகலாம். லியனையே நீக்கச் சொல்லி உத்தரவு வாங்கவேண்டுமென்றால் மேல்நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், அங்கே ஒரு விண்ணப்பத்தின் செலவு 1,900ஐச் சுலபமாக விழுங்கிவிடும். தொகை 20,000, 30,000 என்று இருந்தால் கதை வேறு. அப்போது மேல்நீதிமன்றமும், சபை அநீதியாக நடந்தால் 135ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் தரும் நிவாரணமும் யோசிக்கவேண்டியவை. உங்கள் தகராறு டிக்ளரேஷன் வாசகத்தின் பொருள் பற்றியதானால், 132ஆம் பிரிவின் கீழ் மத்தியஸ்தப் பேச்சும் அதன்பின் நடுவர் தீர்ப்பும் குறுக்கே வரலாம். வழக்குத் தாக்கல் செய்யுமுன் இதைக் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

லியன் பதிந்துவிட்டால் என்ன நடக்கும் என்று பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அது உங்கள் மோர்ட்கேஜுக்கும் முன்னால் போய் நிற்கும், மோர்ட்கேஜ் பத்து வருடம் முந்தியதாக இருந்தாலும். மாநகரசபை வரி போன்ற சிலவே அதற்கும் முன். பதிவு நாளிலோ அதற்கு முன்னரோ சபை உங்கள் வங்கிக்கும் அறிவிக்கவேண்டும். தன் முன்னுரிமையைக் காப்பாற்ற வங்கி பணத்தைக் கட்டிவிட்டு, அதை உங்கள் மோர்ட்கேஜில் ஏற்றும். சட்டத்தின்படி பொதுச்செலவு கட்டாதது மோர்ட்கேஜ் ஒப்பந்தத்தையும் மீறியதாகும். புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தால் இதன் விலை 4,400ஐவிட அதிகம். யூனிட்டை வாடகைக்கு விட்டிருந்தால், 87ஆம் பிரிவின்படி சபை உங்கள் வாடகைக்காரருக்கு எழுதி வாடகையைத் தன்னிடம் கட்டச் சொல்லலாம். அப்படிக் கட்டும் வாடகைக்காரரை நீங்கள் வாடகை தரவில்லை என்று வெளியேற்றமுடியாது. 30 நாளோ அதற்கு மேலோ நிலுவை இருந்தால் பொதுக்கூட்டத்தில் வாக்கு இல்லை. கூட்டம் தொடங்குமுன் கட்டினால் வாக்கு திரும்பும். சபையை மாற்றவேண்டும் என்று துடிப்பவர்களே நிலுவை வைத்து வாக்கை இழப்பது அடிக்கடி நடக்கிறது. சபையில் இயக்குநராக இருப்பவரின் யூனிட்டில் லியன் பதியப்பட்டு, 90 நாளுக்குள் நீக்கப்படாவிட்டால், அவர் பதவியும் போகும்.

இதற்கும் அசையாவிட்டால், லியனை ஒரு மோர்ட்கேஜைப்போலவே நடைமுறைப்படுத்தலாம். அதன் பொருள் பவர் ஒஃப் சேல், கடனுக்காக வீட்டை விற்கும் அதிகாரம். விற்பனை அறிவித்தலில் கடைசித் திகதி எழுதியிருக்கும். அந்தத் திகதிக்குள் முழுத் தொகையும் செலவும் கட்டினால் யூனிட் உங்களுடையது. அதைத் தாண்டினால், சில ஆயிரம் டொலரில் தொடங்கிய பிணக்குக்காகச் சபை யூனிட்டின் கைவசத்தை எடுத்து விற்கலாம். விற்ற பணத்தில் மிஞ்சுவது மற்றக் கடன்காரருக்கும் உங்களுக்கும் வரும், ஆனால் அதற்குள் செலவு எவ்வளவு தின்றிருக்கும் என்பது நீங்கள் எவ்வளவு காலம் கடிதங்களைத் திறக்காமல் வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

கடிதம் என்றதும், முகவரி. படிவம் 14 சபையின் பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான் போகும். யூனிட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மார்க்கம், பிரம்டன் போன்ற வேறு நகரில் இருப்பவர் முகவரி மாற்றாவிட்டால், அறிவித்தல் வாடகைக்காரரின் தபால்பெட்டியில் விளம்பரத் தாள்களோடு கிடக்கும். எனக்குக் கிடைக்கவில்லை என்பது அங்கே பதிலாகாது. வாடகைக்கு விட்டால் 10 நாளுக்குள் சபைக்கு அறிவித்து, உங்கள் முகவரியும் கொடுக்கவேண்டும் என்று 83ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் செய்தாலே இந்த ஆபத்து பாதியாகும்.

சபைப் பக்கத்தில் இருந்து வாசிப்பவர்களுக்கும் சில வார்த்தை, ஏனென்றால் பிழைகள் அங்கேயும் நிறைய. ஆகப் பெரியது இரக்கத்தால் வருவது. உரிமையாளர் வேலை இழந்திருக்கிறார், அடுத்த மாதம் தருகிறார் என்று நான்கு மாதம் பொறுத்துவிட்டு லியனுக்குப் போனால், முதல் மாதத்தின் பாதுகாப்புப் போய்விட்டது. தவணைத் திட்டம் கொடுங்கள், தாராளமாக. ஆனால் லியனைப் பதிந்துவிட்டு அதன்பின் கொடுங்கள். பதிந்த லியன் பின்னால் தவறும் தவணைகளையும் தாங்கும். இரண்டாவது, வங்கிக்கு அறிவிக்க மறப்பது. அந்த வங்கிக்கு முன்னால் உள்ள இடத்தை இழப்பீர்கள், பிந்தி அறிவித்தால் அறிவித்த நாளுக்கு முந்திய மூன்று மாத நிலுவைக்கும் அதன்பின் சேரும் நிலுவைக்கும்தான் முன்னுரிமை திரும்பும். மூன்றாவது, தகராறுள்ள சார்ஜ்பேக்கையும் தகராறில்லாத மாதக் கட்டணத்தையும் ஒரே தொகையாகக் கலந்து படிவத்தில் எழுதுவது. சுத்தமாகப் பிரித்து எழுதிய படிவத்தை எதிர்க்கப் பிடி கிடைக்காது. நிலுவைக்காரரின் பெயரை மின்தூக்கியில் ஒட்டுவது வேண்டவே வேண்டாம். தனித்த யூனிட்டுகள் பற்றிய பதிவுகளை மற்ற உரிமையாளருக்குக் காட்டவே சட்டம் வரையறை வைத்திருக்கிறது.

முகாமையாளர் மரியாதையில்லாமல் நடந்தார், கணக்கைக் குழப்பினார் என்றால், அவருக்கு உரிமம் கொடுக்கும் ஒன்ராறியோ கொண்டோமினியம் முகாமைத்துவ ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம் முறையிடலாம். அவர்கள் அவரை ஒழுக்கப்படுத்தலாம், உங்கள் நிலுவையில் ஒரு சதத்தையும் அழிக்கமாட்டார்கள். இரண்டையும் வேறாக நடத்துங்கள்.

பணம் முழுதும் கட்டியபின் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். லியன் பதியப்பட்டிருந்தால், அதை நீக்கும் பத்திரத்தைச் சபை தயாரித்துப் பதிந்து, பதிவு விவரத்தை உங்களுக்கு எழுத்தில் தரவேண்டும். அந்த விவரத்தைக் கேட்டு வாங்கி, ஒன்ராறியோவின் இணையக் காணிப்பதிவில் உங்கள் யூனிட்டைத் தேடி, லியன் நீங்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வங்கிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பிறகு 100 டொலருக்குள் முடியும் ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிகேட் (யூனிட்டின் கணக்கு நிலையைச் சபை எழுத்தில் தரும் சான்றிதழ்) ஒன்று எடுத்தால், 10 நாளில் அது கைக்கு வரும். அதில் உங்கள் யூனிட்டுக்கு நிலுவை இல்லை என்று எழுதியிருக்கவேண்டும். அந்த 1,900 இன்னும் அதில் நிலுவையாக நின்றால், கட்டியதற்கான அத்தாட்சியோடு உடனே எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.